தொடாமல் போன லாரி

டெக்சாஸில், ஒடெஸாவிலிருந்து பெக்கோஸ் போகும் சாலையில், எண்ணெய்க் கிணற்று மண்பாதையிலிருந்து ஒரு மணல் லாரி நிற்காமல் ரோட்டில் ஏறியது. வலதுபுறம், நான் உட்கார்ந்திருந்த பக்கமாக. என் புருஷன் ராய்ஸ் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். எங்கள் பிக்கப் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கி மதகுச் சுவரில் மோதியது. லாரிக்காரப் படுபாவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்பரை யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு ஒரு கீறல் இல்லை. ராய்ஸுக்குக் கழுத்தெலும்பு நொறுங்கி வலது கை மரத்துப்போனது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் கை திரும்பும், தள்ளிப்போட்டால் திரும்பாது என்றார் டாக்டர். பணம் யார் கட்டுவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி தேதி கொடுக்கவில்லை.

நான் பயப்படவில்லை. இன்சூரன்ஸ் இல்லாதவனோ இடித்துவிட்டு ஓடுகிறவனோ நம்மைக் கெடுத்தால், நம் இன்சூரன்ஸ் கம்பெனியே நமக்குத் தருகிற பாதுகாப்பு ஒன்று உண்டு. டெக்சாஸில் வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதை நீக்கலாம். நாங்கள் போடவில்லை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, வருஷா வருஷம் அதற்கும் சேர்த்துத்தான் கட்டினோம்.

கம்பெனியிலிருந்து கெய்லின் என்ற பெண் போன் செய்தாள். "உங்க கணவர் பேசினதைப் பதிவு பண்ணியிருக்கோம்மா. கேக்கறீங்களா?"

நான் காபி வாங்கப் போயிருந்தபோது பேசியிருக்கிறான். ராய்ஸின் குரல் சிரித்தபடி வந்தது. "அவன் பெயிண்ட் என் வண்டியில ஒட்டக்கூட நான் விடலம்மா. முப்பது வருஷம் இந்த ரோட்டுல லாரி ஓட்டினவன் நான். சும்மாவா?"

"அடையாளம் தெரியாத வண்டின்னா, அது உங்க வண்டியைத் தொட்டிருக்கணும்மா," என்றாள் கெய்லின். "நம்ம மாநிலச் சட்டம் அப்படி."

"தொட்டிருந்தா?"

"கொடுத்திருப்போம்."

"அப்ப ஒழுங்கா ஓட்டினதுக்குத் தண்டனையா?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா சட்டத்தைத்தான் சொல்றேன்."

"உன் சட்டத்துல இடி விழ," என்று போனை வைத்தேன். அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். ஆனாலும் என் வயிறு எரிந்தது. எரிச்சலை யாரிடம் காட்டுவது? கட்டிலில் கிடந்தவனிடம் காட்டினேன்.

"லேசா உரச விட்டிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்ப? சரி, விடல. வாயையாவது மூடிட்டுக் கிடந்திருக்கலாம்ல? பெருமை பீத்தலன்னா உனக்குச் சோறு இறங்காதே!"

கழுத்துப் பட்டைக்குள் அவனால் என் பக்கம் திரும்ப முடியவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"உரச விட்டிருக்கலாம்தான், நெல்டா," என்றான். "ஆனா அவன் உன் பக்கக் கதவுக்கு நேராத்தானே வந்தான்."

கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவன் வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் பிடித்திருந்தேன். அவனுக்கு அது தெரியவில்லை.