கால் நொடி முன்னால்

வீடியோ கேம் ஆட்டம் முழுவதையும் முப்பது நிமிடத்துக்குள் முடித்து, நேரலையில் ஓடிய அந்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். வேகமாக ஆடி முடிக்கும் புதியவர்கள் பட்டியலில் பெயர் ஏற அதுதான் விதி. இன்றே கடைசி நாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய இதுவரையான மிகச் சிறந்த நேரம் முப்பது நிமிடம் பன்னிரண்டு நொடி.

ஹாலில் இடப்பக்கம் டிவி, எதிரே லேப்டாப். கேம் பெட்டியிலிருந்து வரும் படத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க, நடுவில் தீப்பெட்டி போல ஒரு கறுப்புப் பெட்டி. நேரம் ஓடுவது லேப்டாப்பில்தான் தெரியும் என்பதால் இரண்டு மாதமாக அவள் அதைப் பார்த்தே ஆடிவந்தாள். ஆடும்போது வாய் திறக்க மாட்டாள், ஆடாதபோதும் அப்படித்தான். அதனால் பேசுவதற்கென்று நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். வீட்டில் நாத்தனாருக்கு வானொலி என்று பெயர்.

"வணக்கம் மக்களே. இப்ப பாக்கறது மொத்தம் மூணு பேரு. அதுல ஒருத்தர் எங்க அண்ணன், அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டுப் பாக்கறாரு" என்றவள், திரையில் வந்த கேள்வியை வாசித்தாள். "ஆமைன்னு ஒருத்தர் கேக்கறாரு. அண்ணி ஏன் டிவியப் பாக்காம லேப்டாப்பப் பாக்கறாங்க? அதுல படம் கால் நொடி லேட்டாத்தானே வரும்?"

மெக்கானிக் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். டிவியில் ஆட்டத்துச் சிப்பாய் குதித்தான். பிறகு லேப்டாப்பில் குதித்தான். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அப்படியே.

மாடி வருமுன் பிரேக் பிடித்தால்தான் லிஃப்ட் மாடியில் நிற்கும். முந்திக்கொள்வது கைக்குப் பழகிய தொழில். அதனால்தான் படம் பிந்துகிறது என்ற சந்தேகமே வரவில்லை.

"அப்ப ரெண்டு மாசமா கண்ணக் கட்டிக்கிட்டா ஓடுனீங்க?"

"ம்."

கண்ணைக் கட்டிக்கொண்டே முப்பது நிமிடம் என்றால்?

டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதல் குழியிலேயே விழுந்தாள். கை பழைய கணக்கில் முந்தியது. திரும்பத் திரும்ப விழுந்தாள்.

"மக்களே, அண்ணி குழிகள ஆராய்ச்சி பண்றாங்க. அறிக்கை சீக்கிரம் வரும்."

மணி நான்கு இருபது. ஐந்துக்குள் இன்னும் ஒரே ஓட்டத்துக்குத்தான் நேரம்.

"பேசாம லேப்டாப்பையே பாருங்க அண்ணி."

"அதுல பூதம் ஜெயிச்சிடும்."

கடைசியில் வரும் பூதம் கல்லை இடமா வலமா எறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்த்துத்தான் விலக வேண்டும். அந்தப் பன்னிரண்டு நொடி எங்கே போனது என்பது இப்போது விளங்கியது. ஆனால் குழிகள் இடம் மாறுவதில்லை. குழி கையின் வேலை. பூதம் மட்டுமே கண்ணின் வேலை.

"குழி முடியற வரைக்கும் லேப்டாப். பூதம் வந்ததும் டிவிக்குத் திரும்பிடுவேன். அப்ப நேரத்த நீ படி."

அண்ணி ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில் வானொலி தலையை மட்டும் ஆட்டினாள்.

குழிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பூதத்தின் கதவு திறந்தபோது லேப்டாப்பில் இருபத்தாறு நிமிடம் நாற்பது நொடி. மெக்கானிக் டிவிக்குத் திரும்பினாள்.

பூதம் கையைத் தூக்கியது. கல் எந்தப் பக்கம் என்று அது எறிந்த கணமே தெரிந்தது. வலம். விலகினாள். இடம். விலகினாள். நடுவே வெட்டவும் நேரம் இருந்தது. இத்தனை நாள் பேய்போல் ஆடிய பூதம், தூக்கக் கலக்கத்தில் வேலைக்கு வந்ததுபோல் அசைந்தது. சிரிப்பு வந்தது.

"இருபத்தெட்டு பத்து. இருபத்தெட்டு அம்பது. அண்ணி, இருபத்தொம்போது. இருபத்தொம்போது இருபது."

அண்ணன் தலையணையோடு அறை வாசலில் வந்து நின்றான். பூதம் முட்டி போட்டது. கடைசி வெட்டு.

வானொலி கடிகாரத்தை நிறுத்தினாள். இருபத்தொன்பது நிமிடம் முப்பத்தொரு நொடி. லேப்டாப்பை அப்படியே அண்ணி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

நான்கு ஐம்பத்தேழுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

"குழி எல்லாத்தையும் டிவியப் பாத்து மொதல்லேர்ந்து கத்துக்கணும்" என்று தொடங்கினாள் மெக்கானிக். "மூணாவது குழியில நின்னு நின்னு போறேன், அது தேவையே இல்ல. பாலத்துல ரெண்டு நொடி கெடைக்கும். அந்தச் சுவர் இருக்குல்ல, அதுல..."

திரையில் ஆமையின் வரி வந்தது. வானொலி மெல்ல வாசித்தாள். "புதுசா பேசறது யாருன்னு கேக்கறாரு."

"அப்புறம் சொல்லலாம். அந்தச் சுவர்ல ஏறாமலே போயிடலாம், பாரு" என்று மெக்கானிக் லேப்டாப்பை ஓரமாகத் தள்ளினாள்.