இரண்டு டொலர் தாளுக்கு ஒரு பூசை

சீமோனுக்குக் குத்திக்காசு பிடிக்காது. ஐந்து சதம், பத்துச் சதத்தோடு அவருக்குச் சண்டை எதுவும் இல்லை. டொலர் என்று பெயர் வைத்துக்கொண்டு தாளாக இல்லாமல் குத்தியாக வந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. மன்னாரிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் அரசாங்கம் ஒரு டொலரைக் குத்தியாக்கிவிட்டது. தாளுக்குக் கை பழகுமுன்னே பறித்துவிட்டார்களே என்று அவருக்கு மனம் ஆறவில்லை.

ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் தன் வின்ரர் ஜக்கெற்றைக் காட்டுவார். அதன் வலது பொக்கெற்றில் ஓட்டை. ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்ட டொலர்கள் ஒவ்வொன்றாக அந்த ஓட்டையால் இறங்கி, உள்துணிக்குள் ஊர்ந்து, முதுகுப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன. பஸ்ஸுக்கு ஓடினால் சலங்கை கட்டியவர் மாதிரிச் சத்தம் வந்தது. அவருடைய மனைவி செலீன் துணியைப் பிரித்துப் பார்த்தபோது பதினொரு டொலர் இருந்தது.

"ஓட்டையைத் தைச்சால் சரிதானே," என்றாள் செலீன்.

"தாள் எண்டால் ஓட்டைக்குள்ளால போகுமே?"

செலீன் ஒரு சூப்பர் மார்க்கெற்றில் காஷியர். நாள் முழுக்கக் காசு எண்ணுகிறவளுக்குக் குத்தியும் ஒன்றுதான், தாளும் ஒன்றுதான். ஆனால் புருஷனின் உண்மையான காரணம் ஜக்கெற்றில் இல்லை, காணிக்கைக் கூடையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். வெள்ளைக்காரர்களின் பூசை முடிந்து அவர்களுடைய கார்கள் போன பிறகு எங்கள் ஆட்கள் வருவார்கள். காணிக்கை நேரத்தில் ஒரு பிரம்புக் கூடை வரிசை வரிசையாகக் கைமாறும். சீமோன் ஒரு டொலர் தாளை நான்காக மடித்து, உள்ளங்கைக்குள் மறைத்து, கூடையின் ஆழத்துக்குக் கையை விட்டு வைப்பார். நான்காக மடித்த பச்சைத் தாள் ஒன்றா, இருபதா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இருபது என்று அவர் நினைத்தால் அதைத் திருத்துவது சீமோனின் வேலை அல்ல.

ஒரு டொலர் குத்தியானதும் இந்த வசதி போய்விட்டது. குத்தி கூடைக்குள் விழுந்தால் "டிங்" என்று சொல்லிக்கொண்டு விழும். சீமோன் ஒரு டொலர் போடுகிறார் என்பது முன்வரிசைப் பாட்டுக்காரர்களுக்கே கேட்டுவிடும். ஆகவே அவர் இரண்டு டொலர் தாளுக்கு ஏறினார். அது செங்கல் நிறம். ஐம்பது டொலர் தாளும் ஏறக்குறைய சிவப்புத்தான். ஏழு வருடம் அவர் நிம்மதியாக இருந்தார்.

1996 மாசி மாதத்தில் அந்த நிம்மதியும் போயிற்று.

யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் சீமோனோடு வேலை செய்யும் இராஜரட்ணம்தான் புதுக் காசை முதலில் கொண்டுவந்து காட்டினார். வெளியே வெள்ளி நிறம், நடுவில் பொன் நிறம், ஒரு பக்கம் பனிக்கரடி.

"இனி ரண்டு டொலர் தாள் இல்லையாம், சீமோன். உதுதான்."

சீமோன் அதை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். "உதை வைச்சால் காற்சட்டை கழண்டு விழும்."

"நடுப்பகுதி கழண்டு விழுதெண்டும் சனம் கதைக்குது. குளிருக்குள்ள வைச்சால் கழருமாம்."

அன்று மாலை வீட்டில் செலீன் குழம்புக்கு மீன் எடுக்க ஃபிறீஸரைத் திறந்தாள். அறக்குளா மீனுக்கும் இறாலுக்கும் நடுவில் ஒரு இரண்டு டொலர் குத்தி இருந்தது.

"உதென்னப்பா?"

"ஒரு பரிசோதனை."

சீமோன் அதை எடுத்துப் பல்கனிக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்தார். கரடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருவிரல் நகம் கறுத்துப் போயிற்று.

அடுத்த நாளே அவர் பாங்குக்குப் போனார். வருகிற இரண்டு டொலர் தாள்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். எனக்குக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றாள். "கோயிலுக்கு," என்றார். அது பொய் இல்லை. அவள் உள்ளே போய் ஒரு கட்டுக் கொண்டுவந்தாள். நூறு தாள். ஞாயிற்றுக்கு ஒன்று என்றால் அடுத்த வருடம் முழுவதும் ஓடும். அவற்றை அவர் பிஸ்கட் ரின்னில் அடுக்கி அலுமாரியில் வைத்தார்.

"ஆக்கள் பஞ்சத்துக்கு அரிசி பதுக்குவினம். நீங்கள் கடவுளுக்குக் குடுக்கிறதைப் பதுக்கிறியள்," என்றாள் செலீன்.

மற்றவர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார்கள். முறுமுறுத்தார்கள், பொக்கெற் கனக்கிறது என்றார்கள், பிறகு மறந்துபோனார்கள். அடுத்த வருடம் இலையுதிர் காலம் வந்தபோது யாருடைய கையிலும் இரண்டு டொலர் தாள் இல்லை. சீமோன் மட்டும் ஞாயிறுதோறும் நான்காக மடித்து, ஆழத்துக்குக் கையை விட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தபோது அன்ரனெற் அவரை மறித்தாள். காணிக்கை எண்ணும் பொறுப்பு அவளுடையது. ஊரில் ஆசிரியையாக இருந்தவள். இங்கே மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் வேலை.

"சீமோன் அண்ணை, உங்களிட்ட வான் இருக்குதல்லே? ஒரு உதவி வேணும். இப்ப எல்லாம் குத்தியாப் போச்சு, காணிக்கைப் பையை எங்களால தூக்கேலாமல் கிடக்கு. சுவாமியின்ர வீடு வரைக்கும் கொண்டுபோய்த் தருவியளோ?"

குத்திக்காசின் கெடுதிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? சீமோன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டு பின்னறைக்குப் போனார். மேசையில் காசு மலைபோலக் குவிந்திருந்தது. அன்ரனெற்றும் வேரோனிக்கா என்ற இன்னொரு பெண்ணும் குத்திகளைக் கடதாசியில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சீமோன் ஒரு கதிரையில் அமர்ந்து காத்திருந்தார்.

"அன்ரனெற், இண்டைக்கும் இருக்கு," என்றாள் வேரோனிக்கா. அவளுடைய கையில் நான்காக மடித்த செங்கல் நிறத் தாள்.

சீமோனுக்குக் காது சூடாகியது.

"பாவம்," என்றாள் அன்ரனெற். "தனிய வையுங்கோ."

"அதென்ன?" என்று கேட்டார் சீமோன். குரல் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது.

"ஒவ்வொரு கிழமையும் ஆரோ ஒரு ஆள் பழைய ரண்டு டொலர் தாள் போடுது, அண்ணை. ஆரெண்டு தெரியேல்லை. எங்கயோ ஒரு வயதுபோன மனுசி, பெட்டிக்குள்ள சேர்த்து வைச்ச காசை எடுத்து எடுத்துப் போடுது எண்டு நினைக்கிறம்."

"எவ்வளவு கவனமா மடிச்சிருக்குது, பாருங்கோ," என்றாள் வேரோனிக்கா. "அந்த மனுசிக்கெண்டு நாங்கள் ரண்டு பேரும் ஒவ்வொரு கிழமையும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுறனாங்கள். நத்தாருக்கு அரிசி, மா, ரின்மீன் எல்லாம் போட்டு ஒரு பெட்டி கட்டிக் குடுக்க வேணும். ஆளைக் கண்டுபிடிச்சால் சொல்லுங்கோ."

"கண்டால் சொல்லுறன்," என்றார் சீமோன்.

வானை ஓட்டிக்கொண்டே செலீனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியில் ஆவி படிந்தது. "பெட்டியை வாங்கிப் போடுங்கோ. ரின்மீன் முடிஞ்சு போச்சு."

சீமோன் சிரிக்கவில்லை. ஐம்பது டொலர் கொடுப்பவர் என்று யாராவது எண்ணட்டும் என்று மடித்த தாள், அவரை ஓர் ஏழைக் கிழவி ஆக்கியிருந்தது. மறுநாள் ரின்னில் மிஞ்சியிருந்த தாள்களையெல்லாம் பாங்கில் போட்டார். அடுத்த ஞாயிறு ஐந்து டொலர் தாளை மடித்து வைத்தார். ஐந்து டொலர் அவருக்கு நெஞ்சில் நோகத்தான் செய்தது. ஆனால் இனி எந்தக் கிழவியும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு பை எடுக்கப் போனபோது பின்னறையில் குத்திகள் சுருட்டாமலே கிடந்தன. வேரோனிக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

"காணேல்லை, அண்ணை," என்றாள் அன்ரனெற். "மூண்டு கிழமையா அந்த ரண்டு டொலர் வரேல்லை."

"குத்திக்கு மாறியிருக்கும்," என்றார் சீமோன் அவசரமாக.

"இவ்வளவு நாளும் மாறாத ஆள் இப்ப மாறுமே?"

"அப்ப மொன்றியலுக்கு மகளிட்டப் போயிருக்கும்."

வேரோனிக்கா தலையை நிமிர்த்தினாள். "மகள் இருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சும்மா சொன்னன்."

"அது செத்துப்போச்சு," என்றாள் வேரோனிக்கா. "ஆர் கண்டது, எந்த அப்பார்ட்மென்ற்றில தனியக் கிடந்துதோ. கார்த்திகை, ஆத்துமாக்களின்ர மாசம். நாங்கள் ரண்டு பேரும் காசு போட்டு ஒரு பூசை ஒப்புக்குடுக்கிறம். சுவாமியிட்டச் சொல்லியாச்சு. வாற ஞாயிறு."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சீமோன் வாயைத் திறந்தார். வேரோனிக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். சீமோன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரே ஓர் இரண்டு டொலர் தாளுக்காக அலைந்தார். ஞாயிறு பூசைக்கு முன் ஒன்றைப் போட்டுவிட்டால் கிழவி உயிரோடு இருக்கிறாள் என்று ஆகிவிடும். பாங்கில் இல்லை. வோபர்னில் இருக்கும் தமிழ்க் கடைகள் ஒன்றிலும் இல்லை. கடைசியில் இராஜரட்ணத்திடம் கேட்டார்.

"ஒண்டு இருக்கு," என்றார் இராஜரட்ணம். "பேர்ஸில முருகன் படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன். இஞ்ச வந்து முதல் சம்பளத்தில மிஞ்சினது."

"தாரும். பத்து டொலர் தாறன்."

"ஏன், என்ன விசயம்?"

சீமோன் சொன்னார். இராஜரட்ணம் கையில் இருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தும் தாளைக் கொடுக்கவில்லை. "முருகனிட்ட இருந்து எடுத்து மாதாவிட்டக் குடுத்தால் ரண்டு பேரோடயும் எனக்குப் பிரச்சினை வரும். பேசாமல் உண்மையைச் சொல்லும்."

ஞாயிறு வந்தது. சுவாமியார் பூசையைத் தொடங்குமுன் சொன்னார்: "இன்று நம் பங்குக் கோயிலில் யாரும் அறியாத ஒரு தாய்க்காக மன்றாடுகிறோம். தன் இல்லாமையிலும் வாரம் தவறாமல் காணிக்கை செலுத்திய அந்த ஆத்துமாவுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக."

கோயில் முழுக்க "ஆமென்" என்றது. சீமோனும் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியுமா, தன் ஆத்துமா ஆயிற்றே. பக்கத்தில் செலீன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு தோள் குலுங்க இருந்தாள். பின்வரிசைப் பெண் ஒருத்தி அவள் அழுகிறாள் என்று எண்ணி ஒரு ரிஷ்யூவை நீட்டினாள். செலீன் அதை வாங்கி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

சுவாமியாரின் பிரசங்கமும் அந்தத் தாயைப் பற்றியதாகவே இருந்தது. இல்லாதவரின் இரண்டு டொலர் இருப்பவரின் இருநூறைவிடப் பெரிது என்றார். சனம் உருகிப்போயிற்று. அன்றைக்குக் கூடை வந்தபோது ஆட்கள் பேர்ஸைத் திரும்பத் திறப்பதைச் சீமோன் கண்டார். அவர் தலை குனிந்தே இருந்தது. வெட்கம் ஒரு பக்கம். தனக்காக இத்தனை பேர் மன்றாடுவது இதுதான் முதல் தடவை என்ற கூச்சம் மறு பக்கம். சீமோன் என்ற பெயரில் செத்திருந்தால் இவ்வளவு பேர் அழுதிருப்பார்களா என்றும் ஓர் எண்ணம் வந்து போயிற்று.

பூசை முடிந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த மனுசி நான்தான்," என்றார்.

இருவரும் விளங்காமல் பார்த்தார்கள். அவர் முழுவதையும் சொன்னார். சத்தம் போடும் குத்தி, நான்காக மடித்த தாள், பிஸ்கட் ரின், நூறு தாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

வேரோனிக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வீட்டை போயும் அழுதனான். என்ர மனுசன் என்ன நடந்தது எண்டு கேட்டவர்!"

அன்ரனெற் அவரைப் பார்த்தாள். வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளையைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு அவளுடைய உதடு துடித்தது. சிரித்துவிட்டாள்.

"அண்ணை, இஞ்ச இருந்து எண்ணுற எங்களுக்கு ஆர் எவ்வளவு போடுறது எண்டு ஒருநாளும் தெரியாது. தெரிஞ்சுகொள்ள நேரமும் இல்லை. உங்கட தாளைத் தவிர வேற ஒண்டும் எங்கட கண்ணில பட்டதில்லை. நீங்கள் குத்தி போட்டிருந்தால் ஆருக்கும் தெரிஞ்சிராது."

சீமோனுக்கு இது தோன்றவே இல்லை. இப்போது எல்லாரும் குத்திதான் போடுகிறார்கள். கூடை வரிசை வரிசையாகக் கிலுங்கிக்கொண்டுதான் வருகிறது. அந்தச் சத்தத்தில் யார் யாருடையதைக் கேட்கப் போகிறார்கள்?

"சரி, இருங்கோ," என்றாள் அன்ரனெற். "பூசையைத் திருப்பி வாங்கேலாது. நத்தார் வரைக்கும் ஒவ்வொரு கிழமையும் வந்து எங்களோட இருந்து குத்தி சுருட்ட வேணும். அதுதான் உங்களுக்குத் தண்டனை."

கட்டிவைத்த நத்தார்ப் பெட்டி வேறொரு புதுக் குடும்பத்துக்குப் போயிற்று. சீமோன் அதற்குள் தன் பங்குக்கு இரண்டு ரின்மீன் வைத்தார். காணிக்கையை ஐந்திலிருந்து திரும்ப இரண்டுக்கு இறக்கவும் அவருக்கு முகமில்லை. வேரோனிக்கா மறக்கிற ஆள் அல்ல.

நத்தார் முடிந்த பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. ஒரு கடதாசிக்கு இருபத்தைந்து குத்தி. முதலில் ஒவ்வொன்றாக எண்ணியவர், தவக்காலம் வந்தபோது கைப்பிடியாக அள்ளி அடுக்கி, விரலால் தடவிப் பார்த்தே சரியா பிழையா என்று சொல்லத் தொடங்கினார். வேரோனிக்கா இரண்டு சுருள் முடிப்பதற்குள் அவர் ஐந்து முடித்துவிடுவார். அதைச் சொல்லிக் காட்டவும் செய்வார்.

ஒரு ஞாயிறு வானில் வரும்போது அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இப்ப என்ன?" என்றாள் செலீன்.

"ஆரோ ஒரு ஆள் கிழமைக்குக் கிழமை ஒரு சதக் குத்தியா அள்ளிப் போடுது. நூற்றிமுப்பது இருந்தது இண்டைக்கு. விரலெல்லாம் கறுப்பு. உதை எண்ணுறவனைப் பற்றி நினைக்க வேண்டாமோ சனம்? தாளாப் போட்டால் என்ன குறைஞ்சே போயிடுவினம்?"

செலீன் கைப்பையிலிருந்து ஒரு ரிஷ்யூவை எடுத்து அவரிடம் கொடுத்து, விரலைத் துடைத்துக்கொண்டு ஸ்ரியரிங்கைப் பிடிக்கச் சொன்னாள்.