பெல்ட்டின் கடைசி முழம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மரிக்கினா ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே குரல்தான் கேட்கும். அது செந்தாவின் குரல். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவளுக்குப் போன் போடுவார்கள், வாங்கி ஏமாந்தவர்கள் போன் போடுவார்கள். ஆனால் 'வாங்கலாமா வேண்டாமா' என்ற அவளுடைய ரேடியோ நிகழ்ச்சியை உயிரை விட்டுக் கேட்டவர்கள் கார் வாங்க வக்கில்லாதவர்கள்தான். ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் தொங்கியபடி போகிறவனுக்கு, கார் வைத்திருப்பவன் ரேடியோவில் அழுவதைக் கேட்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

செந்தா பதினெட்டு வருஷம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவள். ஒரு நவம்பர் மாத வெள்ளத்தில் ஆறு கூரை வரை ஏறி வந்து அதைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்தபோது மிஞ்சியது முழங்கால் உயரச் சேறும் இரண்டு ஸ்பேனரும். அதன் பிறகுதான் ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன ரேடியோ நிலையத்துக்கு அவள் வந்தாள். கூடப் பேச அம்போ அண்ணன் வாய்த்தார். முப்பது வருஷம் ஜீப்னி ஓட்டியவர். பெயர்தான் அம்போவே தவிர, யாரையும் அம்போ என்று விட்டவரில்லை.

வெள்ளத்தில் முங்கிய காரைக் கழுவலாம், சீட்டை மாற்றலாம், வாசனை அடிக்கலாம். ஆனால் சீட் பெல்ட்டின் வால்பகுதி உள்ளே சுருண்டிருக்கும். அதை எந்த வியாபாரியும் வெளியே இழுத்துக் கழுவுவதில்லை. சேறு அங்கேயே உட்கார்ந்திருக்கும். "பெல்ட்டை இழு தங்கச்சி, கடைசி முழம் வரைக்கும் இழு" என்பது செந்தா வாரம் தவறாமல் சொல்வது. அது ஊர்ப்பேச்சாகவே ஆகிவிட்டது. பெண் ஒருத்தி காதலிக்கிறேன் என்று வந்து நின்றால், "பெல்ட்டை இழுத்துப் பாத்தியாடி?" என்று அம்மாக்காரி கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

நிகழ்ச்சிக்குப் பணம் போட்டவர் கார்டிங் லகாஸ்கா. அந்த வட்டாரத்திலேயே பெரிய பழைய கார் மைதானம் அவருடையது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை செந்தா அவருடைய விளம்பரத்தைத் தன் வாயால் படிக்க வேண்டும்: "லகாஸ்கா கார் மைதானம். வெள்ளம் பார்க்காத வண்டி, பெண்கள் ஓட்டிய வண்டி." படித்து முடித்ததும், "நானும் பெண்தான். நான் ஓட்டின வண்டிய நான் என் எதிரிக்குக்கூட விக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். கார்டிங் அதற்கும் சிரிப்பார். சிரிக்கத் தெரிந்த முதலாளி.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவதாக வந்த போன் நெனிதா என்பவளுடையது. மொந்தல்பான் பக்கம் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. மலைப்பாதையில் வலி எடுத்த பெண்களிடம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று, அண்ணன் சவூதியிலிருந்து அனுப்பியதைச் சேர்த்துவைத்து ஒரு வெள்ளி நிறக் கார் வாங்கியிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை மழையில் அது பாதி வழியில் நின்றுவிட்டது. இவள் நனைந்துகொண்டே நடந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, பக்கத்து வீட்டுக்காரி தொப்புள்கொடி அறுத்திருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம் என்றாள். அது போக, ஏசி போட்டால் வண்டிக்குள் ஒரு நாற்றம். விற்றவரைக் கேட்டதற்கு, முன்னால் வைத்திருந்த அம்மா கருவாட்டு வியாபாரி என்றாராம்.

"பெண் ஓட்டின வண்டிதான், சந்தேகமே இல்ல" என்றார் அம்போ. "கருவாடும் பெல்ட்டு போட்டு உக்காந்து வந்திருக்கும்."

வண்டியில்தான் இருக்கிறாயா என்று கேட்டாள் செந்தா. ஆமாம் என்று பதில் வந்தது. அப்படியானால் பெல்ட்டை இழு என்றாள். போனில் சர்ரென்று சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சர்ரென்றது. 

"கடைசி ஒரு முழம் வேற கலர்ல இருக்குக்கா" என்றாள் நெனிதா. "காப்பியில முக்குன மாதிரி. தொட்டா கையில மண்ணு ஒட்டுது."

எங்கே வாங்கினாய் என்று செந்தா கேட்கவில்லை. கடைப் பெயர் சொல்லக் கூடாது என்பது நிகழ்ச்சியின் விதி. நெனிதாவே சொன்னாள்.

"கார்டிங் முதலாளிகிட்டதான்கா வாங்கினேன். வேற நாலு எடம் பாத்தேன், மனசு ஒப்பல. நீங்க உங்க வாயால சொன்னீங்களே, வெள்ளம் பாக்காத வண்டின்னு. அதை நம்பித்தான் போனேன்."

அந்தப் பெண் கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் செந்தா தாங்கியிருப்பாள். அவள் ஏதோ தன் தப்பைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னாள். செந்தாவுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேனேஜர் எஃப்ரென் எழுந்து நின்றுவிட்டார். பாட்டுப் போடு என்று கையைக் காட்டினார். பாட்டுப் பொத்தான் அம்போவின் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அம்போ அவரைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார். பிறகு அந்தக் கையால் பான் தெ சால் ரொட்டி ஒன்றை எடுத்து நிதானமாகக் கடித்தார்.

இரண்டு நிமிஷத்தில் கார்டிங்கே லைனில் வந்தார். கோபமில்லை, சத்தமில்லை. எல்லாரும் நம் ஜனங்கள், நம் ஆறு, எங்கேதான் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தார். மருத்துவச்சியின் வண்டியைத் தன் ஆட்கள் பார்ப்பார்கள் என்றார். அதற்குப் பிறகுதான் கையில் வைத்திருந்த துருப்புச்சீட்டை எடுத்தார்.

"ஆமா செந்தா, நீ இன்னிக்கு எந்த வண்டியில வந்தே?"

ஊருக்கே தெரியும் அவள் எந்த வண்டியில் வந்தாள் என்று.

ஆறு மாசத்துக்கு முன் நிகழ்ச்சிக்கு ஐந்தாம் ஆண்டு விழா எடுத்தார்கள். முழுப் பன்றி வறுத்து, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்து, ரிப்பன் கட்டிய ஒரு பச்சைக் காரின் சாவியைக் கார்டிங் அவள் கையில் கொடுத்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கை பெல்ட்டுக்குப் போனது. கார்டிங் கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கொடுத்தவர் கண்ணெதிரே பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பதையே அசிங்கமாக நினைக்கிற ஊர் அது. பரிசைச் சோதித்துப் பார்ப்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். அவர் போன பிறகாவது பார்த்திருக்கலாம். ஆறு மாசமும் நெஞ்சுக்குக் குறுக்கே போட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இழுத்தாள், ஒரு சாண் அதிகம் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காத மாதிரி விளம்பரம் படிக்க முடியாதே.

"பெல்ட்டை இழுத்துப் பாத்திருப்பியே" என்றது கார்டிங்கின் குரல். "ஊருக்கே சொல்றவளாச்சே நீ. சுத்தமா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவனவன் வேலையைப் பாப்போம்."

ஆள் கெட்டிக்காரர். பார்த்தேன், சுத்தம் என்று சொன்னால் நிகழ்ச்சி பிழைக்கும், வண்டி பிழைக்கும். பார்க்கவில்லை என்று சொன்னால் மரிக்கினா ஊர் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். இனி அவள் பேச்சை எவன் மதிப்பான். இரண்டில் எதைச் சொல்வாள் என்பதில் கார்டிங்குக்குச் சந்தேகமே இல்லை. எஃப்ரென் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"பாக்கல முதலாளி" என்றாள் செந்தா. "இருங்க, இப்பப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கைபேசியிலிருந்து நிலையத்துக்குப் போன் போட்டு லைனில் இருந்தபடியே எழுந்தாள். எஃப்ரென் கதவை மறித்து, இறங்கிப் போனால் திரும்பி ஏற வேண்டாம் என்றார்.

"ஏறுறதுக்கு இல்ல சார், இறங்குறதுக்குத்தான் வழி கேக்குறேன்" என்று அவரை ஒதுக்கிவிட்டு நடந்தாள்.

மூன்று மாடி இறங்கும் வரை அம்போ விடாமல் பேசினார். இப்போது இரண்டாவது மாடி, இப்போது பேக்கரி வாசல், மாவு மணம் அடிக்கிறது, செந்தாவுக்கு மூட்டுவலி, மெதுவாகத்தான் வருவாள் என்று கிரிக்கெட்டே தெரியாத ஊரில் வர்ணனை செய்தார். பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றவர்கள் ரேடியோவில் கேட்டவளை நேரில் பார்த்து வழி விட்டார்கள். சிலர் பின்னாலேயே வந்தார்கள்.

அவள் பச்சைக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் பிடித்தாள். பயம் இருந்தது. ஒர்க்‌ஷாப் வெள்ளத்தோடு போனபோதுகூட இவ்வளவு பயம் இல்லை, ஏனென்றால் அது அவள் செய்த தப்பில்லை. இழுத்தாள். கறுப்பாக வந்தது. இன்னும் இழுத்தாள், கறுப்பாகத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி முழத்தையும் இழுத்தாள். அந்தப் பழுப்பு நிறத்தை அவளுக்குத் தெரியாதா. மூன்று வாரம் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிய சேறு அது.

"கேக்குதா எல்லாருக்கும்?" என்றாள் போனில். "என் வண்டியிலயும் சேறு. இந்த வண்டி ரெண்டு தடவை தண்ணி பாத்திருக்கு. ஒரு தடவை ஆத்துத் தண்ணி, ஒரு தடவை பாதிரியார் தெளிச்ச தண்ணி. ஊருக்கெல்லாம் பெல்ட்டை இழுன்னு சொல்லிட்டு ஆறு மாசமா இழுக்காம உக்காந்திருந்த முட்டாள் நான்தான். சிரிக்கிறவங்க நல்லா சிரிச்சுக்குங்க. சிரிச்சு முடிச்சதும், லகாஸ்காவுல வண்டி வாங்கினவங்க அவங்கவங்க பெல்ட்டை இழுத்துப் பாருங்க. நெனிதா, நீ அந்த வண்டிய எடுத்துக்கிட்டு மைதானத்து வாசலுக்கு வா. நின்னுடுச்சுன்னா தள்ளிக்கிட்டு வா. நான் அங்கதான் இருப்பேன்."

அதற்குமேல் வானொலியில் பாட்டுத்தான் கேட்டது. எஃப்ரெனே வந்து பொத்தானை அமுக்கியிருந்தார். அம்போ ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி அவள் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மைதானத்துக்குக் கால் மணி நேர ஓட்டம். 'வெள்ளம் பார்க்காத வண்டி' என்று ஆளுயர எழுத்தில் எழுதிய வளைவுக்கு நேர் கீழே செந்தா பச்சைக் காரை நிறுத்தினாள். பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து அதன்மேல் கதவைச் சாத்தினாள். சேறு படிந்த முனை கதவுக்கு வெளியே மடங்கித் தொங்கியது. கார் நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது. அம்போ அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆறு மாசத்தில் இந்த வண்டி பேசிய ஒரே உண்மை இதுதான் என்றார்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே நெனிதா வந்துவிட்டாள், வண்டி வழியில் நிற்காமல். அவளும் அப்படியே பெல்ட்டைத் தொங்கவிட்டாள். அடுத்து ஒரு பள்ளிக்கூட வேன். அப்புறம் புதுக் கல்யாணக்காரர்கள் இருவர்; மனைவி கணவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு மணிக்கு ஏழு வண்டிகள் வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஜீப்னிகள் வேகம் குறைத்துப் பார்த்துப் போயின.

கார்டிங் வெளியே வந்தார். இப்போது சிரிக்கவில்லை. நான் உனக்கு என்ன குறை வைத்தேன், பிள்ளை மாதிரி நினைத்துப் பரிசு கொடுத்தேனே, அதை வாசலில் போட்டு அவமானப்படுத்துகிறாயே என்றார். பிடிக்கவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கௌரவமாகப் போ என்றார்.

"பரிசைத் திருப்பிக் குடுக்குறது மரியாதை இல்ல முதலாளி" என்றாள் செந்தா. "அன்னிக்கு உங்க முன்னாடி பிரிச்சுப் பாக்கக் கூச்சப்பட்டேன். அதான் இன்னிக்குப் பிரிச்சுப் பாக்க வந்திருக்கேன். உங்க முன்னாடியே. நெனிதாவோட பணத்தைக் குடுங்க. அப்புறம் வரிசையா இவங்களுக்கு. நான் கடைசியில நிக்கிறேன், எனக்கு அவசரம் இல்ல. வேலைகூட இல்ல."

கார்டிங் பதிலுக்கு வாயைத் திறந்தார். அப்போது மைதானத்துக்குள்ளேயிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே வண்டி பார்க்க வந்திருந்த ஒருவர், விற்பனைக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கதவைத் திறந்து பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டியிலிருந்து இன்னொரு சர்ர். அதற்கும் பின்வரிசையிலிருந்து இன்னொன்று. கார்டிங் திரும்பிப் பார்த்துவிட்டு, நெனிதாவை முதலில் உள்ளே வரச் சொன்னார்.