மூன்றாம் கம்பி

ஹவாயில் எங்கள் வைமானாலோ ஊரில் எவனும் கிட்டாரைக் கீழே வைப்பதற்கு முன் ஆறு கம்பிகளையும் தொளதொளவென்று தளர்த்திவிடுவான். பல் தேய்ப்பது போல அது ஒரு பழக்கம். கடையில் வாங்கும்போது கிட்டாரில் இருக்கிற சுருதி ஊருக்கெல்லாம் பொது. நாங்கள் அதிலிருந்து கம்பிகளை இறக்கி, ஒரு விரலும் அழுத்தாமல் தடவினாலே எல்லாம் கூடி ஒலிக்கும்படி செய்துகொள்வோம். எந்தக் கம்பியை எவ்வளவு இறக்குவது என்பது அந்தந்த வீட்டு ரகசியம். அப்படியே விட்டுப் போனால் அடுத்தவன் வந்து தடவிப் பார்த்துக் களவாடிவிடுவான்.

எங்கள் வீட்டுச் சுருதியில் என் மேதைமை எதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் என் மனைவி லெயிமோமி ஒரு பாட்டுக் கட்டினாள். மலையிலிருந்து மழை இறங்கி வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது, புருஷன் மட்டும் நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்கிறான் என்று போகும். முழுக்கக் கற்பனை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவளுக்குக் கனத்த குரல், என் கிட்டாரின் உயரத்துக்கு ஏறாது.

"நான் ஏறமாட்டேன். நீங்க இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். அவள் குரலுக்கு ஏற்ப ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்திக்கொண்டே போனதில், மூன்றாம் கம்பியைக் கை தவறி அரைப்படி கூடுதலாக இறக்கிவிட்டேன். தடவியபோது நடுவில் யாரோ சுகமாகப் பெருமூச்சு விட்டது போல இருந்தது. "தொடாதீங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அந்தக் கைதவறலை இருபத்திரண்டு வருடம் கண்ணாகக் காத்தேன். முக்கியமாகச் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நைநோவாவிடமிருந்து. லெயிமோமியின் தம்பி. என்னைவிட நன்றாக வாசிப்பான்; ஒரு மச்சினனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் வேண்டுமா? அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பேன்.

"மச்சான், உன் முதுகு ரொம்ப அழகா வாசிக்குதுப்பா" என்பான்.

எங்கள் மகள் ஹோகுவின் கல்யாணம் வந்தது. அம்மாவின் மழைப் பாட்டுக்குத்தான் ஹூலா நடனம் ஆடுவேன் என்று அவள் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். அம்மா பாட, அப்பா வாசிக்க, அவள் ஆடுவது என்று ஏற்பாடு. ஒரு மாதம் பயிற்சி செய்தேன். கல்யாணத்தன்று மதியம், குழி அடுப்பைத் திறந்து, சுட்ட கற்களுக்கு நடுவே வெந்த பன்றியை எடுக்கும்போது ஒரு கல் ஆறிவிட்டது போலத் தெரிந்தது. இடது கையால் தள்ளினேன். ஆறவில்லை.

லெயிமோமி என் நான்கு விரல்களையும் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டே, "கல்லு சூடா இருக்கும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள்.

ஹோகு கழுத்து நிறையப் பூமாலையோடு ஓடி வந்தாள். என் கையைப் பார்த்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவாயில்லப்பா. வேற பாட்டுக்கு ஆடிக்கிறேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "உன் மாமாவைக் கூப்பிடு."

லெயிமோமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சுருதியை உங்க வாயாலதான் சொல்லணும். நான் சொல்லித் தரமாட்டேன்."

நைநோவாவைத் துணி துவைக்கும் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். என் கிட்டாரை அவன் மடியில் வைத்தேன்.

"ஆறாவதை ரெண்டு படி இறக்கு. அஞ்சாவதையும் ரெண்டு."

இறக்கினான்.

"நாலாவது ஒரு படி. மூணாவது..." சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "மூணாவதும் ஒரு படி."

நைநோவா திருகைத் திருப்பினான். ஒரு படி வந்தது, நிற்கவில்லை. இன்னும் அரைப்படி போய் நின்றான். மீதி இரண்டையும் நான் சொல்லாமலே இறக்கிவிட்டு, ஒருமுறை தடவினான். அறைக்குள் அந்தப் பெருமூச்சு கேட்டது.

"நான் ஒரு படின்னுதானே சொன்னேன்?"

"நீ சொன்னது தப்பு மச்சான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் ராத்திரி தளர்த்துற. தினமும் காலைல ஆறு மணிக்குப் பின்வாசல்ல உக்காந்து ஒவ்வொரு கம்பியா டிங் டிங்னு திரும்ப ஏத்துற. நடுவுல இருக்கிறது வெறும் செம்பருத்தி வேலி. இந்தத் தெருவுல இருக்கிற சேவலுக்கெல்லாம் உன் சுருதி தெரியும்."

நான் துணிக்கூடை மேல் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏண்டா இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வாசிக்கல?"

"அக்கா குரலுக்குன்னு கட்டினது" என்றான், கம்பியையே பார்த்துக்கொண்டு. "அதை வச்சு நான் யாரைப் பாடச் சொல்றது?"

துணிக்கூடையிலிருந்து எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

மேடையில் அவன் என்ன செய்தான் தெரியுமா? கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"மாமா, திரும்புங்க! உங்க முகத்தைப் பாத்தாத்தான் எனக்குத் தாளம் வரும்" என்று ஹோகு கத்தினாள். கூட்டம் சிரித்தது. பாதி மட்டும் திரும்பினான்.

லெயிமோமி பாடினாள். மழை இறங்கியது, துணி நனைந்தது. நாற்காலியை விட்டு நகராத புருஷன் வரும் இடத்தில் ஹோகு என்னைக் கைகாட்டி ஆட, இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போதும் நாற்காலியில்தான் இருந்தேன். மூன்றாம் கம்பி பெருமூச்சு விடும்போதெல்லாம் அவள் கைகள் காற்றில் ஒரு கணம் கூடுதலாக நின்று இறங்கின. நானே வாசித்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் ஹிலோவிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் சோலோமன் மேடையை நோக்கி விரைந்தான். "அடடா, என்ன சுருதிப்பா அது! கொடு, ஒரு தடவை தடவிப் பாத்துட்டுத் தரேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

"இந்தாங்க, தாராளமாப் பாருங்க" என்று நைநோவா புன்னகைத்தான். புன்னகை மாறாமல் ஆறு திருகுகளையும் கிர் கிர்ரென்று திருகி, கம்பிகள் தொளதொளவென்று தொங்கிய பிறகுதான் கிட்டாரை அவனிடம் கொடுத்தான்.