திதி இல்லாத கல்வெட்டு

ராசண்ணை இனிப் பாட்டு எழுதமாட்டாராம். அவருடைய மனைவி அருமைநாயகி அக்கா இதை ஃபோனில் அழுதுகொண்டு சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தைப்பொங்கலுக்கு எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட ஒரு புதுப் பாட்டுத் தருவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அது 2009ஆம் ஆண்டின் கடைசி. மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு லண்டனில் எங்களில் எவருக்கும் பொங்கவே மனமில்லை. விழா வேண்டாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொன்னார்கள். பிள்ளைகள் பாடத்தான் வேண்டும், அதுவும் எங்களுடைய சொந்தப் பாட்டாகப் பாட வேண்டும் என்று மேசையில் அடித்துச் சம்மதம் வாங்கியவள் நான். பாட்டு வராவிட்டால் விழாவும் இல்லை என்பது அன்றைய பேச்சு.

கோலியர்ஸ் வுட்டில் ரெயின் ஏறி மோர்டனில் இறங்கினேன். நல்ல மழை. வாசலில் நான் குடையை உதறிய உதறலிலேயே அக்காவுக்கு என் நிலைமை விளங்கியிருக்கும். தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

ராசண்ணை ஹீற்றருக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். கிருஷ்ணராசா என்ற பெயரைச் சொன்னால் ஒரு காலத்தில் லண்டனில் தெரியாத தமிழ் வீடு இல்லை. பாட்டெல்லாம் கசற்றில் வந்த காலத்தில் அவர் எழுதினார், நான் பாடினேன். பிறகு கசற்றும் போய், மேடையும் குறைந்து, ஆட்கள் அவரைத் தேடுவது கல்வெட்டுக்காக மட்டும் என்றாகிவிட்டது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். அதில் செத்தவர் புகழ் பாடும் பாட்டுகள் இருக்கும், செத்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா ஒன்றும் கட்டாயம் இருக்கும். இந்த வருடம் செத்த நாளே தெரியாத பிள்ளைகளுக்கும் அவர் எழுத வேண்டி வந்தது. வெண்பாவின் இடத்தைச் சும்மா விட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் மனிதரை உடைத்தது.

அன்றைக்கு அவர் பழசெல்லாம் கிளறினார். இந்தியாவிலிருந்து ஒரு கசற் கொம்பனி கூப்பிட்டபோது போகாமல் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்தது தன் பிழையாம். சினிமா மெட்டுக்கெல்லாம் சொல் போட்டுக் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழையாம். நான் பொறுமையாகக் கேட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"என்ர பாட்டெல்லாம் எனக்கு முன்னமே செத்துப் போச்சுது, நகுலா" என்றார் கடைசியில்.

பொறுமை அத்தோடு முடிந்தது. "செத்திட்டுது எண்டால் அதுகளுக்கும் கல்வெட்டு எழுதுங்கோ. உங்களை விட்டால் ஆர் எழுதுவினம்?" என்றேன்.

சொன்ன பிறகு, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்தார். கைப்பழக்கத்தில் ஒரு பக்கம் 'தோற்றம்' என்றும் மறுபக்கம் 'மறைவு' என்றும் தலைப்புப் போட்டார். எதை முதலில் புதைப்பது என்று என்னையே கேட்டார். தாலாட்டை என்றேன்.

மகள் லோஜினி பிறந்த மாரியில் எழுதிய பாட்டு அது. தோற்றம் உடனே விழுந்தது. மறைவில் பேனை நின்றது. குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. செவன் கிங்ஸில் குடியிருக்கிற லோஜினி இன்றைக்கும் அந்தப் பாட்டைப் பாடித்தான் தன் பிள்ளையை நித்திரையாக்குகிறாளாம்.

"திதி தெரியாமல் வெண்பா வராது. அடுத்ததைச் சொல்லுங்கோ" என்றேன்.

மாப்பிள்ளை அழைப்புப் பாட்டுச் செத்தது நிச்சயம், இப்போது எல்லாம் டிஜேதான் என்று அவர் அடித்துச் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். போன மாதம் ஒரு கலியாணத்தில் ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்கள் அதைத்தான் பாடினார்கள் என்று சொன்னேன். யார் எழுதியது என்று தெரியாதவள் போல விசாரித்தேன், ஊரில் பரம்பரையாகப் பாடுகிற பாட்டு என்றார்கள் என்பதையும் சொன்னேன்.

அவர் சால்வையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "பரம்பரைப் பாட்டோ? பெற்றோல் ஷெட்டில நிண்டு சிகரெட் பெட்டி மட்டையில நான் எழுதினது!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்டு உண்மையாச் செத்தது. என்ர சொந்த மெட்டு. இவ்வளவு காலமும் மனதுக்குள்ள கிடந்தது. சொல்லுப் போடப் பயந்து பயந்தே விட்டிட்டன்."

"அது எப்ப பிறந்தது?"

"பிறக்கேல்லையே."

"பிறக்காததுக்குக் கல்வெட்டு அடிக்கிற வழக்கம் எங்கட சனத்திட்ட இல்லை, அண்ணை."

தேத்தண்ணி வந்தது, ஆறியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத் தெரியும். பிறகு மெல்ல அந்த மெட்டை முனகினார். நான் எங்கேயும் கேட்டிராத மெட்டு. துக்கமும் இருந்தது, ஆனால் காலை ஊன்றி எழும்புகிற மெட்டு. இதை இவ்வளவு காலம் ஒளித்து வைத்திருந்தாரே என்று எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. குசினி வாசலில் நின்ற அக்கா கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

ராசண்ணை தாளை நடுவில் மடித்து, நகத்தால் நீவி, 'மறைவு' இருந்த பாதியைக் கிழித்து என் கையில் தந்தார். மற்றப் பாதியில் 'தோற்றம்' என்பதற்குக் கீழே அன்றைய திகதியைப் போட்டார்.

"நகுலா, உம்மட பிள்ளையள் எந்தச் சுருதியில பாடுவினம்?" என்றார்.