மூன்றாம் அடுக்கில் கைதட்டியவர்

பாலே நடனத்தின் வெள்ளை அங்கத்துக்கு நடுவே கைதட்டுகிறவனைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய்ப் பனியில் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஒரே ஒரு மனிதரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

வோல்கா கரையில் இருக்கும் எங்கள் ஊர் பாலே அரங்கில் மூன்றாம் அடுக்கு என் பொறுப்பு. கூரைக்கு அடியில் இருக்கும் மலிவு டிக்கெட்காரர்களின் ராஜ்ஜியம் அது. டிக்கெட் பார்ப்பது, இடம் காட்டுவது, பைனாகுலர் வாடகைக்குக் கொடுப்பது, விளக்கு அணைந்த பிறகு எல்லோரையும் வாயை மூடி உட்கார வைப்பது எல்லாம் என் தலையில். போனை எடுத்துப் படம் பிடிக்கிறவனின் மடியில் என் டார்ச் வெளிச்சம் விழும். பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவனே வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொள்வான். பெண்டாட்டிக்குக் கதை சொல்லிக்கொண்டே வரும் புருஷன்மார்களுக்குத் தோளில் ஒரு தட்டு. "அவ மூழ்கிட்டா, இப்ப வர்றது அவளோட ஆவி" என்பார்கள். அந்த அம்மாளுக்கு என்ன, கண் இல்லையா? பூட்ஸைக் கழற்றிவிட்டு முன்னால் இருக்கும் கம்பிமேல் காலை நீட்டுகிற மகாராஜாக்களும் உண்டு. அவர்களிடம் நான் பேசுவதே இல்லை. காலுக்குப் பக்கத்தில் போய் நின்று முறைப்பேன்.

பைனாகுலர் வாடகைக்கு எடுத்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், வாசலில் கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். அதனால் பாதிப் பேர் அதைக் கண்ணருகே கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்திருந்து, ஆடியவர்கள் தலைவணங்க வருவதற்குள் எழுந்து ஓடிவிடுவார்கள். நான் சொன்ன அந்த ஒரு மனிதர், மத்வேய் லூகிச், அப்படி ஓடியதில்லை. மேடை விளக்கு அணையும்வரை இருந்துவிட்டுத்தான் பைனாகுலரைத் திருப்பித் தருவார். அவர் கையிலிருந்து வாங்கும்போது அது சூடாக இருக்கும்.

அவர் ஆற்றுச் சரக்குப் படகுகளில் எஞ்சின் மெக்கானிக். ஆறு உறைந்து படகுகள் கரையில் நின்றுவிட்டால் அவர் மாலைகள் காலியாகிவிடும். போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில்தான் முதன்முதலாக என் அடுக்கின் கடைசி வரிசைக்கு வந்தார். இரண்டாம் அங்கத்தில், அதாவது நாங்கள் வெள்ளை அங்கம் என்று சொல்வதில், ஆற்றில் மூழ்கிய பெண்களின் ஆவிகள் இரண்டு அணியாக மேடையைக் கடப்பார்கள். எல்லோரும் ஒற்றைக் காலில், மறு காலைப் பின்னால் நீட்டியபடி. இசை தேய்ந்து ஒரே ஒரு வயலின் மட்டும் கேட்கும். அரங்கமே மூச்சை அடக்கியிருக்கும் அந்த இடத்தில் இவர் எழுந்து நின்று பட்பட்டென்று கைதட்டினார். பெரிய கைகள் வேறு.

நான் போய்க் கையைப் பிடித்து நடைக்கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

"இது என்ன, கால்பந்தாட்டமா?" என்றேன்.

"மன்னிக்கணும். அது என் சம்சாரத்தோட இடம்."

"எது?"

"ரெண்டாவது வரிசையில, ஓரத்துலேர்ந்து மூணாவது. லரீஸாவோட இடம்."

எனக்குப் புரிந்தது. குழுவாக ஆடும் பெண்களுக்கு மேடையில் ஆளுக்கொரு இடம் உண்டு. ஓய்வு பெறும்வரை அது அவளுடையது. அவள் போன பிறகு இன்னொருத்தி வந்து நின்றாலும், கொஞ்ச காலத்துக்கு அது போனவளின் பெயரால்தான் வழங்கும். லரீஸா ஓய்வு பெற்ற வருஷமே இவரையும் விவாகரத்து செய்துவிட்டு ஓம்ஸ்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் ஆடியும் நீ ஒரு நாள்கூடப் பார்க்க வரவில்லை என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

"வராம எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

"ஷெட்டுல சீட்டாடிட்டு இருந்தேன். பாலேன்னாலே எனக்குக் கொட்டாவி வரும்."

"இப்ப?"

"இப்பவும்தான் வருது. அந்த இடம் வரைக்கும் முழிச்சிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் நான் கெட்டேன்.

அதற்குப் பிறகு அந்த பாலே நடக்கும் நாளெல்லாம் வந்தார். இடைவேளையில் நடைக்கூடத்தின் ஜன்னலோரம் என் பிளாஸ்க்கில் இருக்கும் டீயை இரண்டு பேரும் குடிப்போம். முட்டைக்கோஸ் அடைத்த பன் கொண்டுவருவார், அவரே சுட்டது, ஒரு பக்கம் கருகியிருக்கும். லரீஸாவைப் பற்றிப் பேசுவார். அவள் கால் விரல்கள், அவள் சிடுசிடுப்பு, தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து மட்டும் குடித்துவிட்டுப் படுப்பது. நான் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். எனக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் என்று ஒன்று இருந்தது, முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வயதில் கருகிய பன்னுக்காக ஒரு பெண்பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே கேலி செய்திருப்பேன். நான் அவரை விரும்பினேன். சுற்றி வளைப்பானேன்?

வெள்ளை அங்கத்தில் அவர் தட்டுவார். நான் போய்த் தோளைத் தொட்டு "போதும்" என்பேன். உட்கார்ந்துவிடுவார். முன்கூட்டியே தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அந்தத் தோளைத் தொட எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தின் நடுவில் எங்கள் மேலதிகாரி எல்வீரா ரொமானவ்னா என்னைக் கூப்பிட்டாள்.

"ரீம்மா, உன் மாடியில என்ன சந்தையா நடக்குது?"

"ஒருத்தர்தான். கொஞ்சம் உணர்ச்சிவசப்படறவர்."

"இசைக்குழுத் தலைவர் நேரா என் ரூமுக்கே வந்துட்டார். வயலின்காரன் நடுங்கறானாம். எத்தனை தடவை அந்த ஆள்கிட்ட சொன்ன?"

"ஒவ்வொரு தடவையும் சொல்றேன்."

"சொல்ற லட்சணம் தெரியுது. உன் டீயக் குடிச்சிட்டு உன் கண்ணு முன்னாலயே தட்டறான். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? அடுத்த தடவை தட்டினா காவலாளியை அனுப்புவேன். அதுக்கப்புறம் அவனுக்கு இந்த அரங்கத்துல டிக்கெட் கிடையாது."

ஆக, அவர் வர வேண்டுமானால் அவர் தட்டக் கூடாது. அடுத்த முறை டீ ஊற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"மத்வேய் லூகிச், இன்னிக்கு கையைப் பாக்கெட்டுல வெச்சுக்கணும்."

"ரெண்டையுமா?"

"ஒண்ணை வெளிய விட்டா அது தொடையில தட்டும். உங்களை எனக்குத் தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

"தட்டலேன்னா எதுக்கு வரணும், ரீம்மா பாவ்லவ்னா?"

டீ குடிக்க வாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "பாக்கறதுக்கு வாங்க. மத்தவங்கல்லாம் அதுக்குத்தான் வர்றாங்க" என்றேன்.

அன்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் பார்வையாளர் முகங்களைப் பார்த்துத்தான் நான் நிற்பேன், மேடைக்கு முதுகு. அன்று மேடையைப் பார்த்தேன். வயலின் மட்டும் ஒலிக்க, பெண்கள் ஒற்றைக் காலில் கடந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது வரிசையில் ஓரத்திலிருந்து மூன்றாவது பெண் தடுமாறினாள். நீட்டிய கால் சட்டென்று இறங்கி, விரல் தரையைத் தொட்டுவிட்டது. உடனே தூக்கிக்கொண்டாள். மலிவு டிக்கெட்காரர்களே கவனித்துவிட்டார்கள், முன்வரிசையில் ஒருத்தி "அச்சோ" என்றாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கோட்டுக்கு ஓடிய பிறகு அந்தப் பெண் படியேறி வந்தாள். பெயர் ஸ்னெஷானா. முகத்தில் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சு, வெள்ளை உடைமேல் பழைய கம்பளிக் கோட்டு, காலில் பனிச் செருப்பு. மேடையில் பார்த்தால் பதினெட்டு என்று தோன்றும். கிட்டத்தில் முப்பத்தைந்தைத் தாண்டியவள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"இங்கேர்ந்து கைதட்டுவாரே ஒருத்தர், இன்னிக்கு வரலையா?" என்று என்னிடம் கேட்டாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் கடைசி வரிசையைக் காட்டினேன். மத்வேய் லூகிச் பைனாகுலரோடு எழுந்து நின்றார்.

"நீங்களா?" என்றாள் அவள். "ஏன் தட்டல? நான் ஏதாவது தப்பா ஆடிட்டேனா?"

"இல்லம்மா, அது வந்து..."

"முதல்ல ஏதோ தற்செயல்னுதான் நெனச்சேன். ஆனா நான் நடு மேடையைத் தாண்டும்போது மட்டும்தான் தட்டுவீங்க. கூட ஆடறவளுங்கல்லாம் கிண்டல் பண்ணுவாளுங்க, உன் ஆள் வந்துட்டாருடின்னு. குழுவுல ஆடறவளுக்கு யாரு சார் தட்டறாங்க? இத்தனை வருஷத்துல எனக்குன்னு தட்டினது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கு சத்தம் வரலையா, கால் நடுங்கிடுச்சு."

மத்வேய் லூகிச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்தார். லரீஸாவின் முதல் எழுத்து அவர் உதட்டில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"நான்தான் தட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்று குறுக்கே விழுந்தேன். "மேல இருந்து உத்தரவு. இல்லேன்னா உங்களுக்குத் தட்டாம இருப்பாரா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பூச்சு கரைந்தது.

"ஆமா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண்ணின்மேல் இரக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இரக்கமும் இருந்தது. ஆனால் லரீஸாவின் பெயரை அவர் வாயால் இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓம்ஸ்கில் இருக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முட்டாள், எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளைக் கவனிக்கவில்லை. படிக்கட்டில் விளக்கு மங்கல் என்று அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். பைனாகுலர் என் கையில் இருந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் என் அடுக்குக்கு வரவில்லை. கம்பியோரம் நின்று எட்டிப் பார்த்தபோது கீழே நடுவரிசையில் அவர் தலை தெரிந்தது. ஆடுகிறவர்களுக்கு அரங்கம் கொடுக்கும் இலவசச் சீட்டில் அவள் உட்கார வைத்திருந்தாள். வெள்ளை அங்கம் வந்தது, பெண்கள் கடந்தார்கள், அவள் கால் அசையவில்லை. அவர் தட்டவில்லை. கீழ்த்தளத்தைப் பார்த்துக்கொள்பவள் என்னிடம், "என்ன அமைதியான மனுஷன், மடியில கையை வெச்சுட்டு கண்ணு கொட்டாம பாக்கறார்" என்று சிலாகித்தாள். கொட்டாவி விட்டாரா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள்.

எல்வீரா ரொமானவ்னா எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினாள். "ரீம்மாவோட மாடி இப்ப தேவாலயம் மாதிரி இருக்கு. எல்லாரும் கத்துக்கங்க."

உண்மைதான். மூன்றாம் அடுக்கில் இப்போது யாரும் கலாட்டா செய்வதில்லை. அந்த வயலின் வரும் இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்கிற ஒரு மனிதருக்காகக் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் டீ மீந்தது.

ஆறு உருகத் தொடங்குவதற்கு முன் நடந்த கடைசி ஆட்டத்தில், இடைவேளையின்போது அவர் படியேறி வந்தார். புதுச் சட்டை, வெட்டிய தலைமுடி. கையில் நாடா கட்டிய பெரிய சாக்லேட் பெட்டி.

"ரீம்மா பாவ்லவ்னா, இது உங்களுக்கு."

"எதுக்கு?"

"நீங்க அன்னிக்கு சொன்னது பொய். ஸ்னெஷானாகிட்ட அப்புறம் நானே சொல்லிட்டேன், லரீஸாவுக்குத்தான் தட்டினேன்னு. ஒரு வாரம் பேசல. அதுக்கப்புறம் பேசினாங்க." தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "உங்க பொய் இப்ப நிஜமாயிடுச்சு. படகு கிளம்பறதுக்குள்ள கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காது."

"நடந்திருக்காதுதான்" என்றேன்.

"நீங்க கட்டாயம் வரணும்."

"மணி அடிச்சாச்சு. போய் உக்காருங்க, லேட்டா போனா கீழ உள்ள விடமாட்டாங்க."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கைகளாலும். பிறகு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார்.

கடைசி வரிசையின் ஓர இருக்கை அன்று விற்கவில்லை. வேலை நேரத்தில் நாங்கள் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன். வெள்ளை அங்கம் தொடங்கிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். இசை தேய்ந்து வயலின் மட்டும் ஆனது. மடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு சாக்லேட்டையும் தங்க நிறத் தாளில் தனித்தனியாகச் சுற்றியிருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். அரங்கமே மூச்சை அடக்கியிருந்த நேரத்தில் அந்தத் தாள் மொறமொறவென்று அலறியது. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின.

"வேலை செய்யறவங்களே இப்படிப் பண்ணா எப்படிங்க?" என்றாள் ஒருத்தி.

கம்பிக்குக் கீழே பார்த்தேன். நடுவரிசையில் ஒரு தலையும் நிமிரவில்லை. நான் இரண்டாவதைப் பிரித்தேன்.