ஹாரன் நின்ற நாள்

ஹாரன் நின்ற முதல் நாள் நர்ஸ் பகலில் அசந்து தூங்கினாள். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அப்படியொரு தூக்கம் வாய்த்ததில்லை. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து கண்ணை மூடினால், ரயில்வே கேட்டைக் கடக்கும் ஒவ்வொரு ரயிலும் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துக்கொண்டு போகும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளியின் ஊசியை இன்னொருவருக்குப் போடப் போனாள். கடைசி நொடியில் கை நின்றது. அதன் பிறகுதான் ஹாரனை நிறுத்தச் சொல்லி, தெருவைத் திரட்டிக்கொண்டு ரயில்வே அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

ஒருவழியாக ரயில்வே இறங்கி வந்தது. ஹாரன் இல்லாவிட்டாலும் யாரும் தண்டவாளத்துக்கு வந்துவிடாதபடி சாலையின் முழு அகலத்துக்கும் கேட் போட்டார்கள். வண்டிகள் வளைந்து நுழையாதபடி நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கேட் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகுமளவு இடைவெளி இருந்தது. அதையும் அடைக்க வேண்டும் என்றார் பொறியாளர்.

தெரு ஒன்றுசேர்ந்து மறுத்தது. "கேட்டைச் சீக்கிரமே மூடிடுறீங்க, ரயில் ஆடி அசைஞ்சு வருது. நடந்து போறவங்க அதுவரைக்கும் தவம் கிடக்கணுமா சார்?" என்று முன்னால் நின்று பேசியவளும் நர்ஸ்தான். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று பொறியாளர் விட்டுவிட்டார்.

அந்தத் தெருவின் வழக்கம் அது. கேட் மூடினால் யாரும் நிற்க மாட்டார்கள்; ஹாரன் கேட்டால்தான் நிற்பார்கள்.

ஹாரன் நின்ற அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிய நர்ஸை, கேட்டோரம் தையல் கடை வைத்திருந்த நாத்தனார் மடக்கினாள்.

"என்ன அண்ணி, முகம் தெளிஞ்சு கிடக்கு? ரயிலுக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டு ராணி மாதிரி தூங்கினீங்களா?"

"உங்கண்ணன் வந்து உலுக்கினாராம். எனக்குத் தெரியவே இல்லடி."

"அவர் உலுக்கினா எதுதான் அசைஞ்சிருக்கு!"

சிரித்துக்கொண்டே நர்ஸ் இடைவெளிக்குள் ஒருக்களித்தாள். கேட் மூடியிருந்தது. பழக்கம்போலக் காதைத் தீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. நடந்தாள்.

"அண்ணி, தைக்கக் குடுத்த கோட்டை வாங்காமப் போறீங்களே!" என்று பின்னாலேயே ஓடிவந்த நாத்தனார், திடீரென்று அவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஜல்லியில் மல்லாந்து விழுந்தார்கள். நர்ஸின் செருப்பு ஒன்று தண்டவாளத்தருகே கிடந்தது. அதன் மேல் காற்றும் இரும்புமாக ரயில் போனது.

ரயில் போன பிறகும் நாத்தனார் பைவாரை விடவில்லை.

பின்னால் குழந்தை அழுதது. இடுப்பில் பிள்ளையோடு மேல்வீட்டுக்காரி இடைவெளியைத் தாண்டி வந்து நின்றிருந்தாள்.

"நீ எங்கடி வந்தே?"

"நீங்க போனீங்களேக்கா. உங்களுக்குத் தெரியாம ரயில் வருமான்னு…"

இனி ஹாரன் அடிக்காது என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னவளே நர்ஸ்தான். அவளே அந்த ஹாரனுக்காகக் காத்திருந்தாள்.

"பேசாம ஹாரனைத் திரும்ப அடிக்கச் சொல்லிடுவோம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

ஊசியோடு நின்ற தன் கையை நர்ஸ் நினைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பொறியாளருக்குப் போன் போட்டு, "இடைவெளியை அடைச்சிடுங்க சார்," என்றாள். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் அவர். நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே காவல் நின்றாள். இருட்டிய பிறகு நர்ஸின் கணவர் வந்து நின்றார்.

மறுநாள் காலை வார்டிலிருந்து வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. கணவரைத் தூங்க அனுப்பிவிட்டு, இடைவெளியை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். கண் எரிந்தது. கேட் இறங்கியதும் ஒரு பெரியவர் அவசரமாக வந்தார்.

"நகரும்மா. இன்னும் ஹாரனே அடிக்கலையே!"

"இனிமே அடிக்காதுங்கய்யா."

"அடிக்காம எப்படி…" என்று அவர் முடிப்பதற்குள், அவள் முதுகுக்குப் பின்னால் ரயில் போய்க்கொண்டிருந்தது.